பலமனேரில் குடியேறிய அமெரிக்கக் குடும்பம்

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் பஸ் மொகிலி கணவாய் ஏறி வரும்போது, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்று மாறுவது தெரியும். சித்தூரில் வியர்வையில் நனைந்த சட்டை பலமனேர் வருவதற்குள் உலர்ந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் ஊர் இருப்பதே காரணம். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று இதைச் செல்லமாகச் சொல்பவர்களும் உண்டு.

இந்த ஊருக்குப் பிழைப்புத் தேடியும், உத்தியோக மாற்றலிலும் வந்த தமிழர்கள் பலர். குடியாத்தம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்ப்பவர்கள், பாங்கிகளிலும் அலுவலகங்களிலும் குமாஸ்தாவாக இருப்பவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள் என்று பட்டியல் நீளும். வந்த புதிதில் எல்லோருக்கும் கவலைகள் ஒன்றுதான். நல்ல வீடு கிடைக்குமா? தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா? பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது? கடைக்காரரிடம் எந்த மொழியில் பேசுவது?

இதே கவலைகளோடு 160 ஆண்டுகளுக்கும் முன்பு ஓர் இளம் தம்பதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்தது குடியாத்தத்திலிருந்து அல்ல, அமெரிக்காவிலிருந்து. கணவர் பெயர் டாக்டர் ஜேக்கப் சேம்பர்லின். மனைவி சார்லட். மிஷன் ஊழியத்துக்காக வந்தவர்கள். அவர்களுடைய சமயப் பணியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்நிய மண்ணில் அவர்கள் எப்படிக் குடித்தனம் வைத்து வேரூன்றினார்கள் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் பாடம் இருக்கிறது.

கப்பலில் நான்கு மாதம்

சேம்பர்லின் 1835-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். ஓஹையோ மாநிலத்தில் வளர்ந்தார். கல்லூரிப் படிப்பு, இறையியல் படிப்பு, அதோடு மருத்துவப் படிப்பு என மூன்றையும் முடித்துக்கொண்டு, 1859-ல் திருமணமும் செய்துகொண்டார். அந்த ஆண்டு டிசம்பர் மாதமே புது மனைவியுடன் கப்பல் ஏறினார். அவர்கள் சென்னைக் கரையில் கால் வைத்தது 1860 ஏப்ரலில். சித்திரை வெயில் உச்சந்தலையைப் பிளக்கும் நேரம்.

அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறக்கப்பட்டது 1869-ல். அமெரிக்காவிலிருந்து பாய்மரக் கப்பலில் வருகிறவர்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றித்தான் வரவேண்டும். சென்னையிலோ அன்று துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகில் ஏறி, அலையில் தூக்கி எறியப்பட்டு, நனைந்த உடையோடுதான் கரை சேரவேண்டும்.

ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த நாளில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து சென்னைக்குப் பனிக்கட்டி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அங்கே குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெட்டி எடுத்து, மரத்தூளில் பொதிந்து அனுப்புவார்கள். அதைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டடமே சென்னைக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குச் சொந்த ஊர் ஐஸ்கட்டி கிடைத்தது. பலமனேர் போன்ற உள்ளூர்களில் குடியேறியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுக்கு இந்த ஊர்க் காற்றே ஐஸ்!

இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் மலைமேல் இருக்கும் பலமனேருக்கு மாட்டு வண்டியை விட்டால் வேறு கதியில்லை.

புது ஊர், புதுக் குடித்தனம்

அந்நாளில் பலமனேர் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுகா. ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர். அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ‘ஆற்காடு மிஷன்’ இந்த ஜில்லாவில் 1853-ல் தொடங்கப்பட்டிருந்தது. தொடங்கியவர்கள் ஸ்கடர் சகோதரர்கள். இவர்களுடைய தந்தை டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் மனைவி ஹாரியட்டுடன் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியேறியவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளில் ஏழு பேர் இந்த நாட்டில் ஊழியம் செய்தார்கள். நான்கு தலைமுறை தொடர்ந்த குடும்பம் அது.

இப்படி முன்னே வந்தவர்கள் இருந்தது புதுத் தம்பதிக்குப் பெரிய துணை. நம்மவர்களும் அப்படித்தானே? முதலில் ஒருவர் வந்து ஊர் பார்த்து, கடை பார்த்து, பிறகு தம்பியையும் மைத்துனனையும் அழைத்துக்கொள்கிறார். ‘எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது, எந்த வைத்தியர் கைராசிக்காரர், யாரிடம் கடன் வாங்கக் கூடாது’ என்று முன்னே வந்தவர் சொல்லித் தருவதில் பாதிக் குடித்தனம் அமைந்துவிடுகிறது.

அந்நாளைய மிஷன் பங்களாக்கள் கனத்த சுவரும், உயர்ந்த கூரையும், சுற்றிலும் தாழ்வாரமும் கொண்டவை. சமையற்காரர், தண்ணீர் எடுப்பவர், குழந்தையைப் பார்க்கும் ஆயா என்று ஆட்களும் உண்டு. ஆறுக்கு எட்டு அடி வாடகை அறையில் நான்கு பேராகத் தங்கும் நம் தொழிலாளிக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. ஆகவே இருவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஆனால் வேறு சில கஷ்டங்கள் அவர்களுக்கு அதிகம். நாம் கையிலிருக்கும் தொலைபேசியில் அம்மாவோடு பேசிவிடுகிறோம். அவர்கள் ஒரு கடிதம் எழுதிப் பதில் வருவதற்கு மாதங்கள் பிடித்தன. அவர்கள் பலமனேரில் இருந்தபோதே, 1861-ல், அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. ‘அண்ணன் தம்பி உயிரோடு இருக்கிறார்களா’ என்பதைக்கூட இரண்டு மூன்று மாதத்துக்குப் பழைய செய்தியாகத்தான் அறிந்துகொள்ள முடியும்.

நோய் பயமோ சொல்லத் தரமன்று. காலரா, பேதி, காய்ச்சல். கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதை டாக்டர் ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல்தான். 1860-ல் யாருக்கும் அது தெரியாது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா கிடைக்கும் சிங்கோனா மரத்தை நீலகிரியில் அப்போதுதான் நட ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் ஜான் ஸ்கடர் தம்பதி இந்தியாவுக்கு வந்த வழியில் கல்கத்தாவிலேயே தங்கள் முதற் குழந்தையைப் பறிகொடுத்தவர்கள். குழந்தையைப் புதைத்த மண்ணை விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? குடியேறிய பல குடும்பங்களை ஊரோடு கட்டிப்போட்டது இத்தகைய துயரங்களும்தான்.

நாக்குத்தான் சாவி

வீடு கிடைத்தது. வேளைக்குச் சாப்பாடும் கிடைத்தது. ஆனால் வாசலைத் தாண்டினால் வாய் பேச முடியவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் ‘துரை’ என்ற மரியாதைக்குக் குறைவில்லை. துரை என்று கைகட்டி நிற்பவர் வேறு, பக்கத்தில் உட்கார்ந்து தன் வயிற்று வலியைச் சொல்பவர் வேறு. இரண்டாமவர் வேண்டுமானால் அவருடைய மொழி வேண்டும்.

ஆற்காடு மிஷனைத் தொடங்கியவர்கள் இதில் பிடிவாதமாக இருந்தார்கள். மக்களிடம் மக்கள் மொழியிலேயே பேச வேண்டும், ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்தி அதன் மூலம் மக்களைப் பிடிப்பது நம் வழியல்ல என்பது ஆரம்பத்தில் அவர்கள் வைத்துக்கொண்ட விதி. சகோதரர்களில் மூத்தவரான ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தமிழிலேயே நூல்கள் எழுதினார்.

பலமனேரின் நிலைமை இன்னும் சிக்கலானது. ஜில்லாவின் கீழ்ப்பகுதியில் தமிழ். மலையேறினால் தெலுங்கு. மேற்கே கொஞ்ச தூரம் போனால் கோலார்ச் சீமையின் கன்னடம். கடைத்தெருவில் தக்கணி உருது. இன்றும் பலமனேர்ச் சந்தையில் அரைமணி நேரம் நின்றால் நான்கு மொழியும் காதில் விழும். சேம்பர்லின் ஒரு மொழியோடு நிற்கவில்லை. தமிழும் படித்தார், தெலுங்கும் படித்தார்.

1863-ல் பலமனேரிலிருந்து மதனப்பள்ளிக்கு மாறினார். அந்த ஆண்டு நிஜாம் சீமையின் வழியாகக் கோதாவரி வரை சுமார் 1,200 மைல் நெடும் பயணம் ஒன்றை மேற்கொண்டார். அதில் நடந்த ஒரு சம்பவத்தைத் தாம் 1896-ல் வெளியிட்ட ‘இன் த டைகர் ஜங்கிள்’ என்னும் நூலில் அவரே விவரித்திருக்கிறார். நிஜாம் ராஜ்யத்தில் மதில் சூழ்ந்த ஓர் ஊரில் மக்கள் அவரைப் பேசவிடாமல் விரட்டினார்கள். கூட்டம் கல்லும் கையுமாகச் சூழ்ந்துகொண்டது. எறிய வேண்டியதுதான் பாக்கி. சேம்பர்லின் அவர்களுடைய மொழியிலேயே ஒரு வேண்டுகோள் விடுத்தார். ‘ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள், கேட்ட பிறகு கல்லெறியலாம்’ என்பதுதான் அதன் சாரம். கதை என்றதும் கூட்டம் நின்றது. அவர் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த கற்கள் கீழே விழுந்தன.

அவர் சொன்னது அவருடைய மதக் கதை. அதை ஏற்பதும் விடுவதும் கேட்டவர் விருப்பம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்த நேரத்தில் அவருக்குத் துணையாகப் பீரங்கி வரவில்லை, துரைத்தனம் வரவில்லை. பலமனேரில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த மொழிதான் வந்தது. அந்தப் பயணத்தில் பிடித்துக்கொண்ட காட்டுக் காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவரை வாட்டியது. ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. தெலுங்கு வேதாகமத்தைத் திருத்தும் குழுவுக்கு 1873 முதல் 1894 வரை தலைவராக இருக்கும் அளவுக்கு அவர் தெலுங்கு வளர்ந்தது. பலமனேரையும் அவர் மறக்கவில்லை. 1880-களின் இறுதியில் இங்கே மிஷனின் இறையியல் பள்ளி அமைந்தபோது, அதற்கான மூலதனத்தை அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசித் திரட்டியவர் அவர்தான். இந்தியாவுக்கு வந்து 48 ஆண்டுகள் ஆகும் தருணத்தில், 1908-ல், இந்த மண்ணிலேயே காலமானார். அவருடைய மகன் வில்லியம் ஐசக் சேம்பர்லின் வேலூர் ஊரிஸ் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர்.

யாழ்ப்பாணத்தில் இன்னொருவர்

தமிழுக்கும் இப்படி ஓர் அமெரிக்கர் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய டாக்டர் சாமுவேல் கிரீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார். உடற்கூறு, அறுவைச் சிகிச்சை முதலிய துறைகளில் தடித்த நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மருத்துவம் படித்துவிட்டோம் என்று மாணவர்கள் கோட்டும் தொப்பியும் போட ஆரம்பித்தபோது, ‘உங்கள் உடையிலேயே இருங்கள்’ என்று கண்டித்தாராம். 1873-ல் நாடு திரும்பி, 1884-ல் காலமானார். அமெரிக்காவிலிருக்கும் அவருடைய கல்லறையிலும் தமிழர் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வந்து குடியேறிய ஒருவர் பிறர் மொழிக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிள்ளைகள் எங்கே படிப்பது?

இந்தக் குடும்பங்களை உள்ளுக்குள் அரித்த பெரிய துன்பம் ஒன்று உண்டு. அது பிள்ளைகளின் படிப்பு. வயது வந்ததும் பிள்ளைகளைப் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விட்டுவிட்டு, பெற்றோர் இங்கே திரும்பி வருவார்கள். மறுபடி பார்ப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். பிள்ளையின் குரலே மாறியிருக்கும்.

வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை அறியாத தமிழர் இல்லை. 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவரும் சிறுமியாக இருந்தபோது அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டவர்தான். அந்தப் பிரிவின் கசப்பால், இந்தியா பக்கமே தலைவைப்பதில்லை என்று உறுதி செய்திருந்தார். 1890-ல் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் அவரைத் தேடி வந்தார்கள். மூன்று பெண்களுக்கும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவரை அனுமதிக்க மூவருமே மறுத்தார்கள். ஐடாவோ அப்போது மருத்துவம் படித்தவர் அல்ல. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதன் பிறகே அவர் மருத்துவம் படிக்கப் புறப்பட்டார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு அவர் ஆரம்பித்த வைத்தியசாலை இன்று எங்கே நிற்கிறது என்பதைப் பலமனேரிலிருந்து நோயாளியை வேலூருக்குக் கூட்டிப்போகிற எல்லோரும் அறிவார்கள்.

பிள்ளைகளைப் பிரிந்து தவித்த இந்தக் குடும்பங்கள் கடைசியில் ஒரு வழி கண்டன. 1901-ல் கொடைக்கானலில் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார்கள். மலைமேல் படித்து, விடுமுறைக்குப் பெற்றோரிடம் வர முடிந்தது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

நம்மவரிடமும் இதே துன்பம் வேறு உருவத்தில் இருக்கிறது. ‘தமிழ் படிக்க வேண்டும்’ என்று பிள்ளையைக் குடியாத்தத்திலோ திருப்பத்தூரிலோ பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் இங்கே வேலை பார்க்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளை பாட்டியை ‘அம்மா’ என்கிறது. இங்கேயே வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் தெலுங்கில் சரளமாகப் பேசுகின்றன, ஆனால் தாத்தா எழுதிய கடிதத்தை எழுத்துக் கூட்டக்கூட அவர்களால் முடிவதில்லை. எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்றை இழக்கிறோம் என்ற ஏக்கம் பெற்றோருக்கு.

இதற்கு ஒரு வழிதான் தெரிகிறது. பிள்ளை பெற்றோரோடு இருக்கட்டும். பள்ளியில் தெலுங்கு படிக்கட்டும். வீட்டில் தினம் அரைமணி நேரம் தமிழ் எழுத்தும் படிக்கட்டும். பத்திரிகையில் ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொன்னால்கூடப் போதும். சேம்பர்லின் குடும்பம் தமிழும் தெலுங்கும் கற்றதனால் வீட்டில் ஆங்கிலத்தை மறந்துவிடவில்லை. ஒரு மொழி உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போய்விடும் என்பது வீண் பயம்.

காம்பவுண்டுச் சுவர்

இந்த அமெரிக்கக் குடும்பங்கள் எல்லாமே ஊரோடு கலந்துவிட்டன என்று சொல்லிவிட முடியாது. மிஷன் பங்களாவைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. அதற்குள்ளேயே உண்டு, உடுத்து, தங்களுக்குள் பேசி, கோடைக்கு மலைக்குப் போய், பணிக்காலம் முடிந்ததும் கப்பலேறியவர்களும் உண்டு. அவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள், வாழவில்லை. ஊரும் அவர்களை மறந்துவிட்டது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து மருந்து கொடுத்தவர்களையும், வண்டி கட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனவர்களையும், தெருப் பெண்களோடு அவர்கள் மொழியில் பேசியவர்களையும்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

நம்மைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத காம்பவுண்டுச் சுவர் ஒன்று இருக்கிறதா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். மளிகை வாங்கத் தமிழர் கடை. பேசிக்கொள்ளத் தமிழ் நண்பர்கள். துணி எடுக்கக் குடியாத்தம். காய்ச்சல் வந்தால்கூட வேலூர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊருக்குப் பஸ். பத்து வருஷம் பலமனேரில் இருந்தும் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் நம்மில் இல்லையா? நாளைக்கு அர்த்தராத்திரியில் ஓர் ஆபத்து என்றால் முதலில் ஓடி வரக்கூடியவர் அந்த அடுத்த வீட்டுக்காரர்தான். வேலூரிலிருக்கும் மைத்துனர் வந்து சேர விடிந்துவிடும்.

கோடு மாறியது, மக்கள் மாறவில்லை

பலமனேர் நமக்கு அந்நிய ஊரும் அல்ல. 1911 ஏப்ரலில் சித்தூர் ஜில்லா தனியே பிரிக்கப்படும் வரை இது வட ஆற்காட்டில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஜில்லாவும் அதில் சேர்ந்தது. பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, வேறு சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. தேசப்படத்தில் கோடு நகர்ந்தது. சந்தைக்கு வருகிறவர்கள் அதே மக்கள்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுகள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன.

இந்த வட்டாரம் வெளியூர்க்காரர்களுக்கு எப்போதும் இடம் கொடுத்தது. திருப்பதியில் ஜெர்மனியிலிருந்து வந்த ஹெர்மன்ஸ்பர்க் மிஷனார் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அதில் படித்த பையன் பிறகு வேலூரில் அமெரிக்கர் நடத்திய ஊரிஸ் கல்லூரியிலும் படித்து, நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர்தான் டாக்டர் இராதாகிருஷ்ணன். மதனப்பள்ளிக் கல்லூரியில் ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் என்னும் அயர்லாந்துத் தம்பதி இருந்தார்கள். 1919-ல் அங்கே வந்து தங்கிய கவி தாகூர் ‘ஜன கண மன’ பாட்டைப் பாடிக் காட்ட, அதற்கு இசைக்குறிப்பு எழுதியவர் மார்கரெட் அம்மையார். அந்த ஊருக்கு அருகிலேயே 1912-ல் ஆரோக்கியவரம் என்ற காசநோய் மருத்துவமனைக்கு அடிகோலி, டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் பிரிமாட் மோலர் நடத்தினார். பலமனேரிலிருந்து புங்கனூர் வழியாகப் போனால் எல்லாம் பக்கத்து ஊர்கள்தான்.

இன்னும் வேடிக்கை, சந்தையில் குவிந்து கிடக்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளியே! மிளகாயும் வேர்க்கடலையும் அப்படித்தான். வட ஆற்காட்டில் நாம் மல்லாக்கொட்டை என்கிறோம். மணிலாக் கொட்டை என்பதன் மருவல் அது. ராகிச் சங்கடிக்கு வேர்க்கடலைச் சட்னி என்பது இந்த ஊரின் சொந்தச் சாப்பாடாகிவிட்டது. எங்கிருந்தோ வந்தது என்று இன்று யார் கேட்கிறார்கள்?

நாக்கைத் திருப்பினால் போதும்

தெலுங்கு நமக்குக் கடினமான மொழியல்ல. சேம்பர்லினுக்கு உப்பு என்ற சொல்லைக்கூடப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. நமக்கோ உப்பு இரண்டு மொழியிலும் உப்புதான். அண்ணா, அக்கா, அத்தை, மாமா ஆகிய உறவுகளும் ஏறக்குறைய அப்படியே. பருப்பு ‘பப்பு’ ஆகிறது, மருந்து ‘மந்து’ ஆகிறது, பாம்பு ‘பாமு’ ஆகிறது. வீட்டு வாடகை இந்தப் பக்கத்தில் ‘பாடுக’. நம்முடைய ழகரம் பல சொற்களில் டகரமாக மாறும். ஏழு என்பது ‘ஏடு’. கோழி என்பது ‘கோடி’. ‘ஒரு கோடி என்ன விலை?’ என்று யாராவது கேட்டால் பயந்துவிட வேண்டாம், கோழிதான்!

எழுத்துகளை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். தினம் பஸ்ஸின் பெயர்ப்பலகையையும் கடைப் பலகையையும் படித்துப் பார்த்தால் அதுவே பாடம். வீட்டுப் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். அலுவலகத்துக்குப் போகும் ஆண் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் நின்று பேச வேண்டியவர் இல்லத்தரசிதான். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று தெரியாமல் மாத்திரை கொடுத்தால் அதன் பலனை யார் அனுபவிப்பது?

திராவிட மொழிகள் அனைத்துக்குமாக ஒரு பல்கலைக்கழகம் 1997-ல் குப்பத்தில் அமைந்தது. மூன்று மாநிலங்களும் சந்திக்கும் இந்த மூலையில், நமக்கு எட்டும் தூரத்தில் அது இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்றால், ஒரே வீட்டில் இரண்டு மொழி இருக்க முடியாதா?

கடல் கடந்து வந்த தம்பதிக்குப் பலமனேரில் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. உறவுகளைப் பேச்சினால்தான் சம்பாதித்துக்கொண்டார்கள். நமக்கு அண்ணன், அக்கா என்று கூப்பிடுவதற்கே சொல் தயாராக இருக்கிறது. இன்று மாலை அடுத்த வீட்டு வாசலில் நின்று, தப்பும் தவறுமாக ‘பாகுன்னாரா அக்கா?’ என்று கேட்டுப் பார்க்கலாம். சிரிப்பார்கள். பிறகு திருத்திச் சொல்லித் தருவார்கள். குடித்தனம் அங்கேதான் ஆரம்பமாகிறது.